பதம் போன போல்ட்டு

முதல் யுத்தத்தின்போது சர்க்காருக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, கரட்டோரமாகக் கிடக்கும் கரட்டுப்பாளையத்துக்கு அப்போது பெரிய கவுண்டர் மணியக்காரர். நூல் விலை ஏறித் தறிகள் நின்று, நெசவு வீடுகளில் சோளக் கஞ்சிக்கே இழுபறியாக இருந்த வருசம். அதனால் கவுண்டர் பாடு சுலபமாகப் போயிற்று. எந்த வீட்டில் இளவட்டம் இருக்கிறதென்று அவர் கைகாட்டினார், வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் கடலுக்கு அந்தாண்டை பஸ்ராவோடு சரி, திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் கவுண்டருக்கு ஒரு சால்வையும் இரண்டு துப்பாக்கியும் வெகுமதியாக வந்தன. ஊரே கூடி அந்தத் துப்பாக்கிகளைத் தொட்டுக் கும்பிட்டதாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள் என்று சொல்வார்கள். இருந்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதை வந்து நின்றால் துக்கம் எழுந்து இடம் விடும்.

இரண்டும் பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்த பழைய துப்பாக்கிகள். குழலின் உள்புரியைக் கடைந்தெடுத்துவிட்டு, ரவைத் தோட்டா போடுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் தாழ்ப்பாள் மாதிரி அடைத்துக்கொள்ளும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் போல்ட்டு. பிடியைத் தூக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கவாட்டில் ஒரு கிரீடம், அதன் கீழே ராணியின் இரண்டெழுத்து, வருசம், அம்புக்குறி, நம்பர் என்று என்னென்னவோ கொத்தியிருக்கும். அதையெல்லாம் அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

பெரிய கவுண்டருக்குப் பின் மூத்தவன் மணியனுக்கு ஒன்று, இளையவன் சின்னுசாமிக்கு ஒன்று என்று பிரித்து, லைசென்சையும் அவரவர் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். எது யாருடையது என்று தெரிவதற்கு மணியன் தன் துப்பாக்கிக் கட்டையில் செப்புக் கம்பியைச் சுற்றிவைத்தான். அந்த அடையாளம் போதுமென்று இருந்துவிட்டார்கள்.

நிலம், கிணறு, மாடு எல்லாம் பாகமாயின. ஒன்றை மட்டும் பிரிக்கக் கூடாதென்று பெரிய கவுண்டர் சாகும்போது கையடித்து வாங்கியிருந்தார். அது ஆயுத பூசை. இரண்டு வீட்டுக் கலப்பையும் மண்வெட்டியும் அரிவாளும் துப்பாக்கியும் மூத்தவன் வாசலில் ஒரே குவியலாக இருக்க வேண்டும். முதல் நாள் கழுவிவைப்பது பெண்கள் வேலை. மணியன் பெண்டாட்டி நல்லம்மாளும் சின்னுசாமி பெண்டாட்டி சௌந்திரமும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். துப்பாக்கிக்குள் தண்ணீர் நிற்கக் கூடாதென்று போல்ட்டை உருவி வைப்பது மாமனார் காலத்துப் பழக்கம்.

நாற்பத்தொன்றாம் வருசப் பூசைக்கு அப்படி உருவிய இரண்டு போல்ட்டையும் ஒரே பித்தளைக் குண்டாவில் புளித்தண்ணீரில் போட்டார்கள். பேச்சு சௌந்திரத்தின் தங்கை கல்யாணத்தைப் பற்றி. மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் பண்ணிய அழும்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தேய்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு, கைக்கு வந்ததை எடுத்துச் செருகினார்கள். இரண்டும் பொருந்திக்கொண்டன. மாறிப்போனது அவர்களுக்கும் தெரியவில்லை, மறுநாள் சந்தனம் வைத்துக் கும்பிட்ட ஆண்களுக்கும் தெரியவில்லை. அந்த வருசம் முழுக்க இரண்டு துப்பாக்கியும் ஒழுங்காகத்தான் சுட்டன.

மறுவருசம் ஆவணியில் ஊருக்கு ஊர் கலவரம். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். ரயில் பாதையில் காவலிருந்த ஒரு போலீஸ்காரனின் துப்பாக்கியை யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். சில நாளில் அது ஒரு ஏரிச் சேற்றில் கிடைத்தது. போல்ட்டு மட்டும் இல்லை. போல்ட்டு எங்கே என்று சர்க்கார் ஜில்லாவையே சல்லடை போட்டது. லைசென்சு வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு.

மூத்தவன் முதலில் போவதுதான் முறையென்று மணியன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனான். இன்ஸ்பெக்டர் அவன் சுற்றிய செப்புக் கம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. குழலில் 3174 என்றிருந்தது, போல்ட்டுப் பிடியில் 3682 என்றிருந்தது. ஒரு துப்பாக்கிக்கு இரண்டு நம்பர் எப்படி என்று கேட்டார். அதில் நம்பர் இருப்பதே மணியனுக்கு அப்போதுதான் தெரியும். தெரியாதுங்க என்றான். அன்று சாயங்காலமே நாமக்கல் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

செய்தி வந்தபோது நல்லம்மாள் மகளுக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை அப்படியே சட்டியில் விட்டுவிட்டு எழுந்தாள். இந்த விவகாரம் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்தர்தான், தறிக்காரர் சின்னண்ணன். பெரிய கவுண்டர் கைகாட்டி அனுப்பிய ஆட்களில் திரும்பி வந்தவர். அவரோடு போன தம்பி அம்மாசி திரும்பவில்லை. வந்த நாளிலிருந்து அவர் கவுண்டர் வீட்டு வாசலை மிதித்தது கிடையாது. அவர் வாசலை மிதிக்க வேண்டிய அவசியம் கவுண்டர் வீட்டாருக்கும் அதுவரை வரவில்லை.

தறிக்குழியை விட்டு அவர் எழவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார்.

"துப்பாக்கி செஞ்ச அன்னிக்கே கொழலுக்கும் போல்ட்டுக்கும் ஒரே நம்பர் அடிப்பாங்க அம்மணி. ஒண்ணோட போல்ட்டு இன்னொண்ணுக்குப் பொருந்துனாலும் போடப்படாது. மாத்திப் போட்டா பட்டாளத்துல முதுகுத் தோலு உரிஞ்சுரும். உங்க மாமனாரு வாங்கியாந்த அன்னிக்கே ஊருக் கூட்டத்துல நாம் பாத்தனுங்க. கெரீடத்துக்குப் பக்கத்துல அம்பு ரெண்டு மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நிக்கிது. சர்க்காரு கைய உட்டுப்போட்ட சொத்துன்னு அதுக்கு அர்த்தம். அதுல ஒண்ணும் வில்லங்கமில்லீங்க. இந்த நம்பருதான் இடிக்கிது." கொஞ்சம் நிறுத்தி, "எங்குளுக்குங்கூட நம்பர் போட்டாங்க. எந் தம்பி நம்பரு இன்னும் எனக்கு நெனப்பிருக்குது" என்றார்.

நல்லம்மாள் காதில் கடைசியாகச் சொன்னது விழவில்லை. அவள் கண்ணில் பித்தளைக் குண்டாதான் நின்றது. மாறிப்போனதென்றால் 3174 போட்ட போல்ட்டு சின்னுசாமி துப்பாக்கியில் இருக்க வேண்டும். இரண்டையும் இன்ஸ்பெக்டர் முன்னால் சேர்த்து வைத்தால் தீர்ந்தது. இது பெண்கள் கைத்தவறு, வேறொன்றுமில்லை என்று எந்தக் குருடனுக்கும் தெரியும்.

சின்னுசாமி வீட்டில் இல்லை. மாமனாரைப் பார்க்க ஓமலூர் போயிருப்பதாகச் சௌந்திரம் சொன்னாள். சொல்லும்போது ஓரகத்தி முகத்தைப் பார்க்கவில்லை. நல்லம்மாள் தினமும் போய்க் கேட்டாள். வந்துவிட்டானென்று தெரிந்து ஓடியபோது, அவன் துப்பாக்கியைக் காட்டிச் சரியென்று எழுதி வாங்கிக்கொண்டே வந்திருந்தான். குழலிலும் 3682, போல்ட்டிலும் 3682. "மாறவே இல்லீங்க நங்கை" என்றான். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். யார் வருவார்கள் என்று நினைத்துச் சொன்னானோ, சின்னண்ணன் வருவாரென்று நினைக்கவில்லை.

அவர் வந்தார். நல்லம்மாள் அழுததற்காக வந்தாரா, அந்தத் துப்பாக்கியை இன்னொரு தரம் கையில் எடுத்துப் பார்க்கலாமென்று வந்தாரா, எனக்குத் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் வெயிலுக்குக் குறுக்கே துப்பாக்கியை வைத்து, போல்ட்டை உருவி, துண்டால் எண்ணெயைத் துடைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நம்பர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் செருகிக் கொடுத்துவிட்டு நடந்தார். நல்லம்மாள் பின்னாலேயே போனாள். சோளக்காட்டு வரப்பில், வீடு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவர் நின்றார்.

"முதல் எழுத்து மட்டும் பட்டாளத்துது அம்மணி. மத்ததெல்லாம் கொல்லம்பட்டறையிது. ரெண்டு நம்பருக்கும் முதல் எழுத்து ஒண்ணுங்கறதால அத அப்பிடியே உட்டுப்போட்டு, மீதிய அராவிப்போட்டுப் புதுசா வெட்டியிருக்கறான். எட்டு ஒருபக்கமாச் சாஞ்சு கெடக்குது. பட்டாளத்து எட்டு அப்பிடிச் சாயாது."

"அங்கியே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா உங்க கொழுந்தனாரு அந்த நிமிசமே அதக் கெணத்துல போட்டிருப்பாரு. அப்பறம் எதக் கொண்டுபோயிக் காட்டுவீங்க?" வரப்பைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். "இன்னொண்ணு இருக்குதுங்க. அந்த இரும்பு சும்மா உளிக்கு எடங்குடுக்காது. ஒலையில போட்டுச் செவக்கக் காச்சியிருக்கறான். எண்ணெய்க்கடியில நீலம் பூத்திருக்குது. பதம் போயிருச்சு. காக்கா குருவிக்குத் தாங்கும். பன்னிக்குப் போடற தோட்டாவப் போட்டா, ஒரு நா இல்லாட்டி ஒரு நா அடைப்பு உட்டுப்போட்டு மூஞ்சிக்கு வரும். நாஞ் சொல்றதச் சொல்லிப்போட்டேன். அதுக்கு மேல உங்க குடும்பம், உங்க பாடு."

அவர் போய்விட்டார். நல்லம்மாள் திரும்பிப் போய்ச் சின்னுசாமியைக் கேட்டாள். நம்பரைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்.

சின்னுசாமியைக் கொலைபாதகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் பயங்கொள்ளி. அண்ணனைப் போல்ட்டுக்காக அடைத்துவிட்டார்கள் என்று கேட்டதும் தன்னுடையதை உருவிப் பார்த்திருக்கிறான். அதிலும் நம்பர் வேறாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் விடுதலை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, தனக்கும் விலங்கு என்றுதான் தோன்றியிருக்கிறது. உள்ளூர்க் கொல்லனிடம் போனால் ஊருக்குத் தெரியுமென்று ஓமலூருக்கு அந்தாண்டை போய் வெட்டிக்கொண்டு வந்தான். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து, அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சியை அராவிக் கொட்டிவிட்டு வந்துவிட்டான். இது அவனுக்குப் பிறகு புரிந்தது. புரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இப்பப் போயிச் சொன்னா, பொய் நம்பர் வெட்டுனதுக்கு எத்தன வருசம் போடுவாங்களோ தெரியிலீங்களே" என்று அழுதான். "நானும் உள்ள போயிட்டா ரெண்டு காட்டயும் ஆரு பாப்பாங்க நங்கை? கொஞ்சம் பொறுங்க, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. நானே போயிச் சொல்லிப்போடறேன்." சௌந்திரம் உள்ளே அம்மிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நல்லம்மாள் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் கட்டி எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் மணியன் தாடியோடு நின்றான். குண்டாவில் மாறியது, ஓமலூரில் வெட்டியது எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. களவு எதுவும் நடக்கவில்லை, விசயம் வீட்டோடுதான் என்று தெரிந்ததில் அவனுக்கு அத்தனை நிம்மதி.

"தம்பி பயந்துட்டான். அவனே வந்து சொல்லிப்போடுவான். நீ வாயத் தொறக்கப்படாது."

"வரலீன்னா?"

"வருவான். அவனாச் சொன்னா மன்னிப்பு. நீ சொன்னா அவன் குத்தவாளி. பொறந்தவனக் காட்டிக்குடுத்து நா வெளிய வரோணும்னா, வந்தாலும் உன்ற ஊட்டுக்கு வரமாட்டேன்."

நேரமாகிவிட்டதென்று காவல்காரன் விரட்டினான். பதம் போன விசயத்தை அவள் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் முதலில் மறந்துதான் போனாள். வண்டியில் வரும்போது ஞாபகம் வந்தது. அடுத்த தடவை போனபோதும் ஞாபகம் இருந்தது.

தம்பி வந்தான். கோர்ட்டுக்கு வந்தான், சாட்சிக் கூண்டில் ஏறினான். உன் நம்பர் உன் அண்ணன் போல்ட்டில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றான். களவாண்ட போல்ட்டில், தன் நம்பர் எதென்று குழம்பித் தம்பி நம்பரை வெட்டி மறைத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, மணியனுக்கு ஒரு வருசம் போட்டுச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பைக் கேட்கும்போதும் மணியன் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். இன்னும் ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுத்தான் கூண்டைவிட்டு இறங்குவான் என்று கடைசிவரை நம்பியிருக்கிறான்.

அந்த வருசம் ஆயுத பூசை சின்னுசாமி வாசலில் நடந்தது. மூத்தவன் ஊரில் இல்லாவிட்டால் இளையவன் செய்யலாம் என்று பெரியவர்கள் வழி சொல்லிவிட்டார்கள். நல்லம்மாள் கலப்பையைக் கொண்டுபோய்க் குவியலில் வைத்தாள். நடுவில் துப்பாக்கி இருந்தது. குழலுக்குச் சந்தனம் வைத்து, போல்ட்டுப் பிடியில், அந்தப் பொய் நம்பர் மேலேயே குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் விழுந்து கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

அதற்குப் பிறகு கரட்டுப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். அவன் கௌதாரியோ முயலோ சுட்டுக்கொண்டு வரப்பில் வருவது தெரியும். அவள் மறுபடி குனிந்து களை வெட்டுவாள். ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்கே விளங்கவில்லை. இரவில் படுத்தால் சௌந்திரத்தின் இரண்டு பெண்குழந்தைகளின் முகம் வரும். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமென்று நினைப்பாள். பிறகு சேலத்தில் தாடியோடு கல்லுடைக்கிறவன் முகம் வரும், புரண்டு படுத்துக்கொள்வாள்.

கார்த்திகையில் கடலைக்காய் முற்றிவிட்டது. கரட்டிலிருந்து பன்றிகள் இறங்கிக் காட்டைப் புரட்டிப்போட்டன. பகலில் செடியைப் பார்த்தால் ஏர் ஓட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நல்லம்மாள் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது சின்னுசாமி துப்பாக்கியோடு அவள் வாசலில் வந்து நின்றான். கோர்ட்டுக்குப் பிறகு அந்த வாசலுக்கு அவன் வந்தது அன்றுதான்.

"நங்கை, பன்னிக்குன்னு பெரிய தோட்டா வாங்கியாந்திருக்கறேன். உங்க காட்டுலதான் மொதல்ல எறங்குது. நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? ரெண்டு காட்டுக்கும் நானே காவலிருந்துக்கறனுங்க."

அவன் அந்த உபகாரத்தைச் செய்ய வராமல் இருந்திருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். தட்டுக் கட்டைக் கீழே போட்டாள்.

"சாமி, அதச் சுடாதீங்க. கொல்லன் அதக் காச்சிப்போட்டான், பதம் போயிருச்சு. பெரிய தோட்டாவுக்குத் தாங்காது, மூஞ்சிக்கு வரும். சின்னண்ணன் அன்னிக்கே சொன்னாரு."

சின்னுசாமி துப்பாக்கியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உதட்டைச் சுழித்தான்.

"அன்னிக்கே சொன்னாருன்னா, இத்தன நாளு நாஞ் சுட்டுக்கிட்டிருந்தப்ப நீங்க எங்கீங்க போயிருந்தீங்க? நா இதப் பயந்துக்கிட்டுப் போலீசுல கொண்டுபோயிக் குடுக்கோணும், அண்ணன் வெளிய வரோணும். அதுக்குத்தானுங்க இந்தப் பேச்சு?"

"அதுக்குந்தான்" என்றாள் நல்லம்மாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஆனா இதும் நெசம்."

"அண்ணனுக்கு நா பண்ணுனது துரோகந்தான். அதுக்காவ இப்பிடிப் பூச்சாண்டி காட்டாதீங்க நங்கை." அவன் வரப்பேறிப் போய்விட்டான். அவள் பின்னால் போகவில்லை. சௌந்திரத்திடமாவது ஓடியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. சொல்லியாயிற்று என்று எருமைக்குத் தட்டுப் போட ஆரம்பித்தாள்.

பொழுது முழுக்க இறங்கும் முன்பே சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தமில்லை. அவள் காட்டில், அவள் கடலைச் செடிக்கு நடுவில் சின்னுசாமி கிடந்தான். போல்ட்டு பின்னால் பிய்த்துக்கொண்டு வந்து வலக் கண்ணையும் கன்னத்தையும் கொண்டுபோய்விட்டது. நல்லம்மாள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி அழுத்திப் பிடித்தபடி, வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. உடைந்த போல்ட்டு சேலத்துக்குப் போயிற்று. துப்பாக்கி பழுது பார்க்கிற போலீஸ் மிஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்து அசல், மூன்று எழுத்து போலி, இரும்பு காய்ச்சப்பட்டது என்று எழுதிக் கொடுத்தான். மணியனிடமிருந்து பறித்த போல்ட்டை வரவழைத்து, சின்னுசாமியின் குழலில் செருகிப் பார்த்தார்கள். அச்சும் எழுத்தும் ஒன்றாக இருந்தன. சின்னுசாமியும் கட்டுப் போட்ட வாயோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த கோர்ட்டு இதற்கு மேல் என்ன தண்டனை என்று விட்டுவிட்டது. இரண்டு துப்பாக்கியையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

மாசியில் மணியன் வந்தான். நல்லம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவன் அவளைத் தாண்டி நேரே தம்பி வீட்டுக்குப் போனான். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சின்னுசாமி நல்லவிதமாகத்தான் சொன்னான். நங்கை சுடாதே என்று எச்சரித்தார்கள், நான்தான் கேட்கவில்லை, அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று குழறிக் குழறிச் சொன்னான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மணியன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் சோறு போட்டு மோர் ஊற்றினாள். அவன் பிசையவில்லை.

"பதம் போனது உனக்கு எப்பத் தெரியும்?"

"சின்னண்ணன் பாத்த அன்னிக்கு."

"நாமக்கல்லுக்கு என்னப் பாக்க வந்தியே, அதுக்கு முந்தியா பிந்தியா?"

நல்லம்மாள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "முந்தி" என்றாள்.

அவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டு திரும்பும்போது, வேலைக்காரியிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான்:

"வேற எதாச்சும் சொல்லாம வெச்சிருக்கறயா?"

"இல்லீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நெடுநாள் இருந்தார்கள். காடு விளைந்தது, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. தினமும் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்பான், அவள் இல்லீங்க என்பாள். ஒரு நாள்கூட அவன் கேட்க மறந்ததில்லை.